எதிர்ப்புக் குரல் எழவில்லை

பிரேக் மாஸ்டரின் குரல்வளையை மருத்துவர்கள் எடுத்தபோது அவருக்கு முதலில் வந்த கவலை, இனி 'பிரேக்' என்று எப்படிக் கத்துவது என்பதுதான். டிரைவிங் பள்ளியில் அவருடைய பிழைப்பே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. கிளட்ச், கியர், கண்ணாடி பார்ப்பது இவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கலாம். எதிரே ஒரு சைக்கிள் குறுக்கே வரும்போது மட்டும் கத்தித்தான் ஆக வேண்டும். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் தன் கால் முந்திக்கொண்டால் படிக்க வந்தவர் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது அவருடைய கொள்கை. அவர் கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும் என்று பேச்சு இருந்தது.

புற்றுநோய் அந்தக் குரலைக் கொண்டுபோனது. கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை, அதில் ஒரு சின்னக் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். வாய் சாப்பிடுவதற்கு, மூக்கு கண்ணாடி மாட்டுவதற்கு என்று ஆகிவிட்டது. பேசுவதற்கு டார்ச் லைட் அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். அதைத் தொண்டையில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் ரீங்காரம் சொற்களாக வரும். மனைவி அதற்கு 'வண்டு' என்று பெயர் வைத்தாள். "வண்டை எடுங்க, யாரோ வந்திருக்காங்க" என்பாள்.

மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார்கள், குழாயைக் கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். மீதியை வாழ்க்கை கற்றுக்கொடுக்கும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தும்மல் வந்தால் கைக்குட்டை மூக்குக்குப் போகக் கூடாது, கழுத்துக்குப் போக வேண்டும் என்பதை அவர் ஒரு கல்யாண வீட்டில், எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை ஷவருக்கு அடியில் தெரிந்துகொண்டார். கடைக்காரரைக் கூப்பிட மேசையைத் தட்டினால் சண்டை வரும், சாவிக்கொத்தைக் குலுக்கினால் வராது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது சளி காய்ந்து குழாய் அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவர் கண் பிதுங்கியதைப் பார்த்த மனைவி, கரண்டியை வீசிவிட்டு ஓடிவந்து குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். காற்று உள்ளே போனது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டார்.

அன்றைக்குத்தான் எழுத ஆரம்பித்தார். எல்லாரும் இருக்கிற ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில், தன் கழுத்தின் படத்தையும் போட்டு எழுதினார். எழுத்திலும் அவர் டிரைவிங் மாஸ்டர்தான்.

'குழாய் அடைத்தால் உடனே வெளியே எடு. யோசிக்காதே. பயப்படாதே. ஓட்டை மூடிக்கொள்ளாது. குழாய் இல்லாமலும் மூச்சு வரும். முதலில் எடு. அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.'

எங்கெங்கோ இருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துப் படித்தார்கள். ஒரு கப்பல் சமையல்காரர் நன்றி சொன்னார். ஒரு பெண், தன் மாமியாருக்கு அடைத்தபோது இதைப் படித்திருந்ததால் கை நடுங்கவில்லை என்று எழுதினாள். குரல் போன பிறகு இவ்வளவு பேர் தன் பேச்சைக் கேட்கிறார்களே என்று மாஸ்டருக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் எல்லாம் காணாமல் போயிற்று. 'அருவருப்பூட்டும் உடற்காட்சி' என்ற விதியை அவர் மீறிவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. மறுபரிசீலனைக்கு ஒரு பட்டன் இருந்தது. அவர் அழுத்தினார். விரலை எடுப்பதற்குள், 'உங்கள் முறையீட்டை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தோம்' என்று பதில் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வந்தான். அலுவலகங்களில் பிரிண்டர் பழுதுபார்ப்பது அவன் வேலை. ஆனால் மனசெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

"மாமா, நீங்க வாடகை வீட்ல தோட்டம் போட்டீங்க. வீட்டுக்காரன் பிடுங்கிட்டான். நாங்க இருக்கிற இடத்துக்கு வாங்க. அதுக்கு முதலாளியே கிடையாது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன சர்வர். ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒருத்தர் அழிச்சாலும் இன்னொருத்தர்கிட்ட பிரதி இருக்கும். நீங்க எழுதினது உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"சர்வர்னா மேசை துடைப்பாரே, அவரா?" என்று கேட்டாள் அக்கா.

"கம்ப்யூட்டர்க்கா."

"அதைத் துடைக்கிறது யாரு?"

"அதுக்கு ஒரு குழு இருக்கு."

குழு என்று அவன் ஒருமையில் சொன்னது தன்னடக்கம். அவன் இருந்த சர்வருக்குத் 'தோப்பு' என்று பெயர். தோப்பில் தலைவர் கிடையாது. அதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்வதற்கென்று மூத்த ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே, கீழே என்ற சொல் அங்கே தடை செய்யப்பட்டிருந்ததால் அவருக்குப் பக்கத்தில், பல பொறுப்பாளர்கள் இருந்தார்கள். குழுவில் இல்லாத உறுப்பினர்களும் சிலர் உண்டு. அவர்களை எந்தக் குழுவில் சேர்ப்பது என்று பார்க்க ஒரு குழு இருந்தது.

சேருவதற்கு முன், 'நீங்கள் இங்கே ஏன் வேர்விட விரும்புகிறீர்கள்?' என்று கேட்டார்கள். மாஸ்டர் 'கழுத்தில் ஓட்டை' என்று எழுதினார். போதிய ஆழம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மைத்துனன் உட்கார்ந்து விடுதலை, பகிர்வு, வேர், விழுது எல்லாம் வருகிற மாதிரி ஒரு பக்கம் எழுதினான். மாஸ்டருக்கு அது ஒன்றும் புரியவில்லை. உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி போட்டார். போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். வரவில்லை. தன் பெயரைப் போட்டுத் தேடினார். அதுவும் வரவில்லை. மைத்துனன் அவரைக் கண்டடைதல் பொறுப்பாளரோடு வீடியோவில் பேச வைத்தான். அவர் பின்னால் புத்தக அலமாரி வைத்துக்கொண்டு பேசுகிறவர். மாஸ்டர் தட்டச்சு செய்தார், அவர் பேசினார்.

"தேடல்ங்கிறதே அடிப்படையில ஒரு கண்காணிப்புங்க. ஒருத்தரோட சம்மதம் இல்லாம அவரைக் கண்டுபிடிக்கிறது வன்முறை. அதனால இங்க தேடல் அணைச்சுத்தான் இருக்கும்."

'எனக்குச் சம்மதம். கண்டுபிடிக்கட்டும்' என்று மாஸ்டர் எழுதினார்.

"உங்க சம்மதம் சரி. தேடுறவரோட சம்மதம்?"

'அவர்தானே தேடுகிறார்?'

"அவர் ஒரு பதிலைத் தேடுறார். உங்களைத் தேடல. நீங்க போய் அவர் கண்ணுல படறதுக்கு அவர் சம்மதிச்சாரா? இதையெல்லாம் நாம யோசிக்கணும் இல்லையா?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். குறுக்கே வருகிற சைக்கிள்காரர் கார் தன் கண்ணில் படுவதற்குச் சம்மதிக்கவில்லை என்பது வரைக்கும் அவருக்குப் புரிந்தது. அதற்கு மேல் போகவில்லை.

'எழுதியது கண்டடையப்படுவது எப்படி' என்று கண்டடைதல் பொறுப்பாளர் ஒரு நீண்ட தொடர் எழுதிக்கொண்டிருந்தார். தோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அடுத்தது அடையாளச் சொற்கள். பதிவின் அடியில் ஒரு குறியோடு சொல்லைப் போட்டால், அந்தச் சொல்லைத் தொடருகிறவர்களுக்கு அது போய்ச் சேரும். மாஸ்டர் 'ஓட்டை' என்று போட்டார். மறுநாளே புகார் வந்தது. கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லை வெகுகாலமாக வைத்திருந்தார்களாம். தங்கள் கூடத்தில் திடீரென்று ஒரு கழுத்து வந்து நிற்பதாக அவர்கள் வருத்தப்பட்டார்கள். 'குழாய்' என்று மாற்றினார். தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், அடைப்பு எடுக்க நல்ல யோசனையாக இருக்கிறதே என்று பாராட்டியிருந்தார். கடைசியில் குழு கூடி அவருக்கென்று ஒரு சொல்லைச் செய்துகொடுத்தது: 'மாற்றுமூச்சுப்பாதையர்'. மாஸ்டரே அதை இரண்டு தடவை தப்பாகத் தட்டினார். உயிர் போகிற அவசரத்தில் இதை யார் தட்டித் தேடுவார்கள் என்று அவர் கேட்டதற்கு, அவசரம் என்பது பழைய கம்பெனித் தளங்கள் உண்டாக்கிய மனநோய் என்று பதில் வந்தது.

படத்துக்கும் பார்வையற்றவர்களுக்காக விவரிப்பு எழுத வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. 'கழுத்தில் ஓட்டை, அதில் குழாய்' என்று எழுதினார். 'ஓட்டை' என்பதில் குறைபாட்டு நோக்கு தொனிக்கிறது என்று திருத்தி, 'உடலின் மேற்பகுதியில் ஒரு திறப்பு, தன் இயல்பில்' என்று போட்டார்கள். அதைக் கேட்கிற பார்வையற்றவர் ஜன்னலைத்தான் நினைத்துக்கொள்வார் என்றாள் மனைவி.

இப்படியே போய்க்கொண்டிருந்திருந்தால் மாஸ்டர் சோர்ந்துபோய் விட்டிருப்பார். அதற்குள் தோப்பு ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் 'நிலைப்பதிவு'. தேர்ந்தெடுத்த பதிவுகளைத் தோழமை சர்வர்கள் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து வைப்பார்கள். யாராலும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது. வெளியே இருந்து யார் எங்கே தேடினாலும் முதலில் வரும்படி செய்வார்கள். முதல் நிலைப்பதிவாக, குழாய் அடைப்பு பற்றி மாஸ்டர் எழுதியதை மைத்துனன் முன்மொழிந்தான். வேறு யாரும் எதையும் முன்மொழியவில்லை. மற்றவர்கள் எழுதியிருந்ததெல்லாம் தோப்பைப் பற்றியே இருந்தது.

மாஸ்டர் அன்று மகிழ்ச்சியாக இருந்தார். வண்டைத் தொண்டையில் வைத்து, "இனி போகாது" என்று மனைவியிடம் சொன்னார்.

நிலைக்கப்போகிற பதிவு என்பதால் மென்மொழிப் பொறுப்பாளர் அதைப் பார்வையிட வேண்டியிருந்தது. அந்த அம்மாள் குரலை உயர்த்தவே மாட்டார். கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வருவதைத் தன் வெற்றியாகக் கருதுகிறவர்.

"அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா பாருங்க, 'எடு'ன்னு ஒருமையில சொல்றீங்க. அது கட்டளை. கட்டளை இருக்கிற இடத்தில அதிகாரம் இருக்கு. படிக்கிறவர் ஏற்கெனவே மூச்சுத் திணறல்ல இருக்கார். அந்த நேரத்தில போய் அவரை நாம அதட்டலாமா?"

'அதட்டினால்தான் எடுப்பார்' என்று மாஸ்டர் எழுதினார்.

"அது உங்க அனுபவம். அதை மதிக்கிறேன். 'யோசிக்காதே'ன்னு வேற போட்டிருக்கீங்க. ஒருத்தரை யோசிக்க வேண்டாம்னு சொல்ற உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தா? 'பயப்படாதே'ன்னா அவரோட பயத்தை மறுக்கிறோம். 'ஆம்புலன்ஸைக் கூப்பிடு'ன்னு சொல்றது வேற எல்லா வழியையும் அடைக்குது."

'கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவரிடம், விரும்பினால் பிரேக்கைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னால் சைக்கிள்காரன் என்ன ஆவான்?'

"சைக்கிள்காரர்" என்று மென்மொழிப் பொறுப்பாளர் திருத்தினார்.

சில நாட்களில் திருத்தப்பட்ட பதிவு வந்தது. மேலே மாஸ்டரின் படம், கீழே இப்படி:

'குழாயில் ஓர் இடையூறு இருப்பதாக உணர்கிறீர்களா? உங்கள் உணர்வு மதிக்கத்தக்கது. உங்களுக்கு வசதியான ஒரு தருணத்தில், குழாயை வெளியே எடுப்பது குறித்து உங்கள் நம்பிக்கைக்குரியவர்களுடன் கலந்து பேசலாம். ஒவ்வொருவரின் மூச்சும் தனித்துவமானது. எந்த முடிவும் தவறான முடிவு அல்ல.'

மாஸ்டர் அதைப் படித்துவிட்டு எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். மனைவியிடம் போனைக் கொடுத்தார். அவள் படித்தாள்.

"இப்படி எழுதியிருந்தா நான் அன்னிக்குக் கரண்டியோட நின்னுட்டு இருந்திருப்பேன்" என்றாள்.

ஒப்புதல் கூட்டம் வீடியோவில் நடந்தது. தோப்பின் சாசனப்படி எந்த முடிவும் வாக்கெடுப்பால் எடுக்கப்படுவதில்லை. வாக்கெடுப்பில் யாராவது தோற்றுப்போவார்கள். ஆகவே வாசகத்தைப் படித்துக்காட்டிவிட்டுச் சற்றுக் காத்திருப்பார்கள். எதிர்ப்புக் குரல் எழாவிட்டால் எல்லாருக்கும் ஒப்புதல் என்று பொருள்.

மூத்த ஒருங்கிணைப்பாளர் தொடங்கிவைத்தார். "நண்பர்களே, பெரிய கம்பெனிகள் நம்ம குரலைப் பறிச்சுது. இங்க ஒவ்வொரு குரலும் சமம். சின்னக் குரல், பெரிய குரல்னு கிடையாது. நான் ஒருங்கிணைக்கத்தான் இருக்கேன், பேச இல்ல" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினார். பிறகு வாசகம் படிக்கப்பட்டது. காத்திருந்தார்கள்.

மாஸ்டர் வண்டைத் தொண்டையில் அழுத்தி, "எதிர்க்கிறேன்" என்றார்.

யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னார். மூத்த ஒருங்கிணைப்பாளர் கனிவாகச் சிரித்தார்.

"மாஸ்டர் ஏதோ சொல்ல வர்றார் போல. உங்க மைக் ஆஃப்ல இருக்கு மாஸ்டர்."

மைக் ஆஃபில் இல்லை. கூட்டம் நடந்த மென்பொருளில், பின்னணி இரைச்சலை வடிகட்டுகிற வசதி ஒன்று இருந்தது. ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் அது அடக்கிவிடும். வண்டின் ரீங்காரத்தை அது ஃபேன் என்று எடுத்துக்கொண்டது. மாஸ்டர் எவ்வளவு அழுத்திப் பேசினாரோ அவ்வளவு சிரத்தையாக அது வடிகட்டியது. எழுதலாம் என்றால், வேகமாகத் தட்டத் தெரிந்தவர்களுக்கு அநியாயமான சாதகம் என்று ஒப்புதல் கூட்டங்களில் எழுத்தை மூடிவைத்திருந்தார்கள்.

மனைவி பொறுக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மைக் ஆன்லதாங்க இருக்கு. அவர் பேசிட்டுத்தான் இருக்கார். அவருக்கு இதுல இஷ்டம் இல்லை."

"அம்மா, மன்னிக்கணும்" என்றார் மென்மொழிப் பொறுப்பாளர். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசுறது அவரோட குரலைப் பறிக்கிறது. அதுவும் அவர் பக்கத்துலயே இருக்கும்போது. அவர் தன் கருத்தைத் தானே சொல்லட்டும். நாம இடம் கொடுப்போம்."

இடம் கொடுத்தார்கள். எல்லாரும் மௌனமாக, மரியாதையாக, மாஸ்டரின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

'எதிர்ப்புக் குரல் எழவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் பிறகு எழுத்தில் எதிர்ப்பு அனுப்பினார். மூத்த ஒருங்கிணைப்பாளரிடமிருந்து அன்பான பதில் வந்தது. சாசனத்தில் குரல் என்றுதான் இருக்கிறது, எழுத்து என்று இல்லை. தவிர, எழுதியவரே வந்து மாற்றிவிடலாம் என்றால் நிலைப்பதிவுக்கு என்ன அர்த்தம்? 'ஒரு பதிவை எல்லாரிடமிருந்தும் காப்பது எங்கள் கடமை. எழுதியவரிடமிருந்தும்கூட.'

"விடுங்க" என்றாள் மனைவி. "அங்க எதைத்தான் யார் கண்டுபிடிச்சிருக்கா? யார் இதைப் படிக்கப் போறா?"

அதுதான் அவருக்கும் இருந்த ஒரே ஆறுதல்.

மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு பெண் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாளாம். தோளில் ஒட்டியிருந்த நூலைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். டிரைவிங் பள்ளியில் விசாரித்து விலாசம் வாங்கியிருந்தாள். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்க அப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான் சார். அதே ஆஸ்பத்திரிதான். வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தார். போன மாசம் திடீர்னு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டார். அம்மா இல்ல, நான் மட்டும்தான். போன்ல தேடினேன். முதல்லயே உங்க படத்தோட வந்துச்சு. அப்பா மாதிரியே கழுத்து. அப்பாடா, தெரிஞ்சவர் எழுதியிருக்கார்னு இருந்துச்சு."

மாஸ்டர் வண்டை எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பிக்கையானவங்களோட கலந்து பேசலாம்னு போட்டிருந்துச்சு. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவன் எடுக்கல. திரும்பப் பண்ணினேன். எடுத்தா தப்பாயிடுமோன்னு எனக்குப் பயம். அப்பாவே குழாய்கிட்ட கையைக் கொண்டுபோனார் சார். நான்தான் பிடிச்சுக்கிட்டேன். அவசரப்படாதீங்கப்பா, அண்ணன்கிட்ட கேட்டுக்கலாம்னு சொன்னேன்."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அது ஓயும் வரை அவள் காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், குழாயை ஏன் எடுக்கலன்னு. அதான் உங்களைக் கேக்கலாம்னு வந்தேன். சண்டைக்கு வரல சார். நீங்கதான் அப்படி எழுதினீங்களா?"

மாஸ்டர் வண்டைத் தொண்டையில் வைத்தார்.

"எடு. எடுன்னுதான். எழுதினேன்."

அவளுக்குப் புரியவில்லை. மனைவி சொன்னாள். "எடுன்னுதாம்மா எழுதினார். யோசிக்காம உடனே எடுன்னு எழுதினார். அவங்க மாத்திட்டாங்க."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். "அப்படியே இருந்திருந்தா நான் எடுத்திருப்பேனே" என்றாள். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. துணியை எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டவள் சொல்வது மாதிரி இருந்தது.

அவள் போன பிறகு மாஸ்டர் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார்.

தோப்பின் ஆண்டுக் கூட்டம் அந்த மாதம் ஒரு வாடகை அரங்கில், நேரிலேயே நடந்தது. மாஸ்டர் போனார். அங்கே வடிகட்டுகிற மென்பொருள் எதுவும் இல்லை. மைக்கைப் பிடித்து, வண்டை அழுத்தி, நடந்ததை அவர் சொன்னபோது ஒவ்வொரு சொல்லும் அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "எடுத்துடுங்க. அந்தப் பதிவை. அழிச்சுடுங்க" என்று முடித்தார். எல்லாரும் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தார்கள். கைதட்டல் ஒலி சிலரைத் துன்புறுத்தும் என்பதால் தோப்பில் பாராட்டு அப்படித்தான். அரங்கு முழுக்க விரல்கள் அசைவதைப் பார்த்து மாஸ்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்தார்.

மூத்த ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை.

"ரொம்பத் துயரமான சம்பவம். ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்." இருந்தார்கள். "ஆனா நண்பர்களே, துயரத்துக்கு நடுவுல ஒரு விஷயத்தை நாம கவனிக்காம விட்டுடக் கூடாது. நம்மோட எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண், ஒரு நெருக்கடியில, தேடுறாங்க. நம்ம பதிவு முதல்ல வருது. நாம எழுதின எல்லா வார்த்தையையும் படிக்கிறாங்க. அதை நம்புறாங்க. அதன்படி நடக்குறாங்க. முதலாளி இல்லாத, விளம்பரம் இல்லாத ஒரு இடத்தில எழுதினது வெளியே கண்டடையப்படவே படாதுன்னு எத்தனை பேர் நம்மைக் கேலி பண்ணினாங்க. இன்னிக்கு நாம பதில் சொல்லலாம். மாஸ்டர், நீங்க வந்து இதைப் பகிர்ந்ததுக்கு நன்றி. இது நம்ம முதல் ஆதாரம்."

கண்டடைதல் பொறுப்பாளர் குறிப்பு எடுத்துக்கொண்டார். மென்மொழிப் பொறுப்பாளர் அழுதுகொண்டே, பதிவில் கட்டளைத் தொனி எங்காவது மிச்சமிருந்து அந்தப் பெண்ணைக் குழப்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"ஆள் செத்துட்டார்" என்றார் மாஸ்டர் மைக்கில்.

விரல்கள் மறுபடி அசைந்தன.

பதிவை அழிப்பது பற்றி அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை. அழித்தால் நாளைக்குப் பெரிய கம்பெனிகளுக்கும் தங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டார். கடைசியில் ஓர் எச்சரிக்கைப் பலகை சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். இப்போது பதிவைத் திறந்தால் முதலில், 'இப்பதிவு ஓர் இறப்புடன் தொடர்புடையது. மனம் தயாரான பிறகு தொடரவும்' என்று வருகிறது. அதற்குச் சம்மதித்த பிறகே வாசகம் தெரியும். மூச்சு அடைத்தவருக்கு இதனால் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்.

மைத்துனன் அன்றே தோப்பிலிருந்து விலகினான். இப்படிப்பட்டவர்களோடு இருக்க முடியாது என்று அக்காவிடம் கத்தினான். மறுவாரம் தானே ஒரு சர்வர் தொடங்கினான். அதன் சாசனம் தோப்பின் சாசனத்தைவிடப் பெரியதாக இருந்தது. மாமா அங்கே வந்து பழைய வாசகத்தைப் போட வேண்டும் என்று கெஞ்சினான். மாஸ்டர் போட்டார். அதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தோழமை சர்வர்களுக்கெல்லாம் மாஸ்டர் தனித்தனியாக எழுதினார். இரண்டொருவர் உடனே அழித்தார்கள். சிலருடைய சர்வர் மூடியே போயிருந்தது, ஆனால் பிரதி மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. ஒருவர், வரலாற்றை அழிக்கச் சொல்கிறவர்களோடு தாங்கள் உரையாடுவதில்லை என்று எழுதி, மாஸ்டரைத் துண்டித்துவிட்டார்.

இப்போது மாஸ்டர் வாரம் ஒரு காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தொண்டை வார்டின் தலைமை நர்ஸ் அவரை உள்ளே விடுகிறார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறவர்களின் கட்டிலருகே அவர் போய் உட்காருகிறார். பேச்சுக் குறைவுதான். தன் குழாயை அவர்கள் கண் முன்னால் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார். குழாய் இல்லாமல் மூச்சு விடுகிறார். அவர்களுடைய மகனையோ மகளையோ கிட்டே கூப்பிட்டு, அந்த ஓட்டையைப் பார்க்க வைக்கிறார். பிறகு குழாயை மாட்டிக்கொண்டு, "அடைச்சா?" என்று வண்டில் கேட்கிறார். அவர்கள் "எடுக்கணும்" என்கிறார்கள். "கத்திச் சொல்லு" என்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் விடுவதில்லை. ஒரு காலைக்கு நாலைந்து கட்டில் தாண்டுவதில்லை. அவர் வராத நாட்களில் வீட்டுக்குப் போகிறவர்களை அவரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

சென்ற வாரம் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பேருந்து நடத்துநர் படுத்திருந்தார். மருமகன் பக்கத்தில் நின்றிருந்தான். படித்த பையன், சுறுசுறுப்பானவன். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போடுவதற்குள், "நீங்க சிரமப்பட வேண்டாம் சார், நாங்க எல்லாம் தேடிப் படிச்சுட்டோம்" என்று போனை நீட்டினான். "முதல்லயே கிடைச்சுது. ஆரம்பத்துல என்னமோ எச்சரிக்கை வந்துச்சு, சம்மதம்னு அழுத்திட்டேன். ரொம்ப இதமா எழுதியிருக்காங்க. மாமாவுக்கும் படிச்சுக் காட்டினேன், பயமே போயிடுச்சுன்னு சொன்னார்." பிறகு படத்தைப் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தான். "சார், இது நீங்கதானே?"

கட்டிலில் படுத்திருந்தவர் மரியாதையாக எழுந்து உட்காரப் பார்த்தார். மாஸ்டர் அவரைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். வண்டைத் தொண்டையில் அழுத்தினார்.

"நான்தான். அதை நம்பாதே."